அக்ரோபோரா முட்டை விட்டுச்சு, ஒன்னு கூட லார்வா ஆகல, எங்க தப்பு பண்ணேன்?

நீலத்தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வருஷமா டேங்க்ல வளர்த்துட்டு இருக்கற மில்லெபோரா (அக்ரோபோரால ஒரு இனம், கிளை விடற கல்லு கோரல், அதாவது பவளம்) முந்தாநேத்து ராத்திரி முட்டை விட்டுச்சு. இன்னும் அந்த படபடப்பு போகல, கோர்வையா எழுத வரலைன்னா பொறுத்துக்கங்க.

டேங்க் லைட் தினமும் ஏழு மணிக்கு ஆஃப் ஆயிடும். ஆனா ரூம் லைட் வழக்கமா பன்னெண்டு வரைக்கும் எரியும். இந்த வாரம் மட்டும் விடியக்காலைலயே வேலைக்கு கிளம்ப வேண்டியிருந்ததால ஏழரைக்கெல்லாம் எல்லாத்தையும் அணைச்சிட்டு படுத்துட்டேன். ஒன்பதே முக்கால் இருக்கும், தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தா ரூம் முழுக்க ஒரு பச்சை வாடை, அழுக்க நுரையா பிரிக்கற ஸ்கிம்மரோட கப் நுரை பொங்கி கேபினெட்ல வழியுது. ஏதோ செத்துப்போச்சுன்னு நினைச்சு டார்ச் அடிச்சு பாத்தா, கிளைக்கு கிளை ஒவ்வொரு பாலிப் (கோரல் காலனில இருக்கற குட்டி குட்டி உயிர்) வாயிலயும் கடுகுல பாதி சைஸ்ல ஒரு பிங்க் உருண்டை உக்காந்திருக்கு. நான் பாத்துட்டு இருக்கும்போதே ஒன்னொன்னா கழண்டு மெதுவா மேல ஏறுது. பெரிய காலனி 22 செமீ, பக்கத்துல இருக்கற இன்னொன்னு 14 செமீ, ரெண்டும் ஒரே நேரத்துல விட்டுச்சு. க்ரோமிஸ் மீனுங்க எல்லாம் முழிச்சுகிட்டு முடிஞ்ச வரைக்கும் தின்னுச்சுங்க.

வேவ்மேக்கர், ஸ்கிம்மர், ரிட்டர்ன் பம்ப் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு பிளாஸ்டிக் கப்பால மேலாக்க மிதந்தத அள்ளி ஒரு பெரிய கிண்ணத்துல போட்டேன். ஆக்சிஜன் வேணுமேன்னு ஏர் ஸ்டோன் போட்டேன். பன்னெண்டரைக்கு மொபைல் மேக்ரோ லென்ஸ்ல ஃபோட்டோ எடுத்தப்ப முட்டை எல்லாம் தனித்தனியா உருண்டையா அழகா இருந்துச்சு. காலைல பாத்தா எல்லாம் உடைஞ்சு மேல வெள்ளையா ஒரு படலம், தாங்க முடியாத நாத்தம். ஒன்னு கூட மிஞ்சல.

சலினிட்டி 35 பிபிடி, ஆல்கலினிட்டி 8 டிகேஎச், கால்சியம் 430, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05. சில்லர் கிடையாது, ஹீட்டர் மட்டும்தான், அதனால வருஷத்துல தண்ணி 24.5ல இருந்து 28 டிகிரி வரைக்கும் மாறிட்டே இருக்கும். ஏர் ஸ்டோன்தான் கெடுத்துச்சா? மறுபடி இந்த வருஷமே விடுமா, இல்ல அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


அலைவாசி:

வாழ்த்துக்கள் ப்ரோ, வீட்டு டேங்க்ல அக்ரோ முட்டை விடறது நிறைய பேர் ஆசைப்பட்டும் பாக்காத விஷயம்.

ஆனா முதல்ல டேங்கை கவனிங்க. அந்த உருண்டையில முட்டை மட்டும் இல்ல, விந்தும் சேர்ந்துதான் கட்டியிருக்கும், பெரும்பாலான அக்ரோபோரா ரெண்டு பாலும் ஒன்னா உள்ள ஜீவன். அது மேல போய் உடைஞ்சதும் விந்து முழுக்க தண்ணில கலந்துடும், முட்டைல இருக்கற கொழுப்பு படலமா மேல நிக்கும், ரெண்டும் அழுக ஆரம்பிச்சா ஆக்சிஜன் இறங்கி அம்மோனியா ஏறும். அதனால இன்னும் பண்ணலைன்னா 20, 25 சதவீதம் தண்ணி மாத்துங்க, புது கார்பன் போடுங்க, ஸ்கிம்மர்ல கப்பை எடுத்துட்டு ஓட விடுங்க, அப்பதான் பொங்காம காத்து மட்டும் கலக்கும். ரெண்டு நாள் மீனுக்கு தீனி குறைச்சுக்கங்க, அதுங்க ஏற்கனவே நல்லா தின்னிருக்கும்.

இப்ப ரெண்டு கேள்வி. பெருசு சின்னது ரெண்டு காலனியும் எங்க இருந்து வந்துச்சு, தனித்தனியா வாங்குனதா? அந்த பன்னெண்டரை மணி ஃபோட்டோவுல ஏதாவது ஒரு முட்டைல நடுவுல பள்ளம் விழுந்த மாதிரி, ரெண்டா நாலா பிரிஞ்ச மாதிரி தெரியுதா? நல்லா பெருசு பண்ணி பாத்துட்டு சொல்லுங்க.


நீலத்தொட்டி:

தண்ணி மாத்திட்டேன் ப்ரோ, மீன், கோரல் எல்லாம் நல்லா இருக்கு, நன்றி.

ஃபோட்டோவ பெருசு பண்ணி முப்பது நாப்பது முட்டைய எண்ணி பாத்தேன். எல்லாமே வழுவழுன்னு உருண்டை, ஒன்னுல கூட பள்ளம் இல்ல. சின்ன காலனி தனியா வாங்குனது இல்ல, மூணு வருஷத்துக்கு முன்னாடி பெருசுல ஒரு கிளை கண்ணாடிய தொட்டுடுச்சுன்னு வெட்டி ஃப்ராக் (தனி துண்டு) பண்ணி வச்சேன், அதுதான் வளர்ந்து இவ்ளோ ஆயிருக்கு. அது முக்கியமா?


பழைய பாலிப்:

தம்பி, அதுதான் முழு பதிலும். ஏர் ஸ்டோன் மேல பழி போடாதீங்க, அது ரெண்டாவது விஷயம். உங்ககிட்ட இருக்கறது ரெண்டு காலனி இல்ல, ரெண்டு இடத்துல உக்காந்திருக்கற ஒரே கோரல். வெட்டி வச்ச ஃப்ராக்குக்கும் தாய்க்கும் ஜீன் ஒன்னுதான். அக்ரோபோரா தன் முட்டைய தன் விந்தாலயே கருவாக்கறது ரொம்ப ரொம்ப கம்மி, முட்டையே அத ஏத்துக்காது. ரெண்டும் ஒரே நிமிஷத்துல விட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஒன்பதே முக்காலுக்கு விட்டது கரு ஆகியிருந்தா பன்னெண்டரைக்குள்ள ரெண்டு செல், நாலு செல்னு பிரிய ஆரம்பிச்சிருக்கும். எல்லாம் வழுவழுன்னு இருந்துச்சுன்னா கருவே ஆகலைன்னு அர்த்தம். கரு ஆகாத முட்டை காலைக்குள்ள அப்படித்தான் கரைஞ்சு நாறும். நீங்க எவ்ளோ பாத்து பாத்து பண்ணியிருந்தாலும் அந்த ராத்திரி ஒன்னும் வந்திருக்காது, அதனால மனச போட்டு உழப்பிக்காதீங்க.

அடுத்த தடவைக்கு வேண்டியது அதே இனத்துல இன்னொரு வம்சம். இங்க நிறைய பேர் மாட்டிக்கற இடம் ஒன்னு இருக்கு. கடையில ஒரு ஸ்டைலான பேர் வச்சு விக்கற ஃப்ராக் எல்லாமே எங்கயோ இருந்த ஒரே தாய் காலனியோட துண்டுதான். அதே பேர்ல நாலு பேர்கிட்ட நாலு துண்டு வாங்கினாலும் உங்ககிட்ட இருக்கறது ஒரே ஆள். நிறம் வேற, வந்த வழி வேற, ஆனா இனம் அதேன்னு உறுதியா தெரியற காலனியா பாருங்க. அக்ரோல இனம் கண்டுபிடிக்கறது சுலபம் இல்ல, நல்ல வெளிச்சத்துல கிளை நுனியையும் ஓரத்து பாலிப்பையும் ஃபோட்டோ எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. சின்ன ஃப்ராக்கா வாங்காதீங்க, அது பருவத்துக்கு வரவே மூணு நாலு வருஷம் ஆயிடும். கிட்டத்தட்ட 15 செமீ காலனியா வாங்குங்க. வாங்கினத ரெண்டு மாசமாவது தனி டேங்க்ல வைங்க, அக்ரோ தின்னற தட்டைப்புழு வந்துட்டா கதை முடிஞ்சுது. மருந்து தண்ணில டிப் பண்ணா புழு சாகும், முட்டை சாகாது, அதான் அந்த ரெண்டு மாசம்.

இப்ப அந்த ராத்திரி என்ன பண்ணணும்னு சொல்றேன், இத பிரிண்ட் எடுத்து கேபினெட்ல ஒட்டி வைங்க.

பாலிப் வாயில உருண்டை வந்து உக்காந்ததுமே ஃப்ளோ எல்லாத்தையும் நிறுத்திடுங்க. வெளிச்சம் வேணும்னா மங்கலான சிவப்பு டார்ச் மட்டும். ரெண்டு காலனியையும் தனித்தனி டப்பாவுல டேங்க் தண்ணியோட எடுத்து வச்சுட்டா சேகரிக்கறது சுலபம், மீனும் திங்காது. உருண்டை மேல வந்ததும் பைப்பெட்டால எடுங்க, பம்ப் எதுவும் போடாதீங்க. அரைமணி நேரத்துக்குள்ள அதுவா உடைஞ்சு முட்டை மிதக்கும், விந்து தண்ணிய லேசா பால் கலந்த மாதிரி ஆக்கும். அப்ப ரெண்டு வம்சத்தையும் ஒரே பாத்திரத்துல கலந்துடுங்க. முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள கலக்கறதுதான் நல்லது, நேரம் ஆக ஆக விந்தோட வேகம் போயிடும். தண்ணி ரொம்ப கெட்டியா கலங்கவும் கூடாது, அதுவும் கெடுதல்.

ஒன்னரை ரெண்டு மணி நேரம் கழிச்சு லென்ஸ்ல பாருங்க, செல் பிரியறது தெரியும். தெரிஞ்சதும் கழுவணும். இதுதான் எல்லாரும் விட்டுடற வேலை. மேல முட்டை மிதக்கும், அடியில இருந்து ஒரு டியூப் வழியா கலங்கின தண்ணிய மெதுவா இறக்கிட்டு, அதே சூடு அதே உப்புல 1 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டின தண்ணிய ஓரமா விடுங்க. ரெண்டு மூணு தடவ இப்படி. விந்து மிச்சம் இருந்தா பாக்டீரியா பெருகி காலைக்குள்ள எல்லாத்தையும் அடிச்சிடும்.

ஏர் ஸ்டோனுக்கு இப்ப வரேன். மீன் முட்டை மாதிரி அக்ரோ கருவுக்கு மேல ஒரு உறையும் கிடையாது, வெறும் செல் உருண்டை. கொஞ்சம் அலை அடிச்சாலும் பிரிஞ்சிடும். 2012ல இதே மில்லெபோரா வச்சு செஞ்ச ஆய்வுல அப்படி உடைஞ்ச துண்டும் தனித்தனியா குட்டி லார்வாவா வளருதுன்னு பாத்தாங்க, இயற்கையில அதுவும் ஒரு வழிதான், ஆனா நம்ம கிண்ணத்துல குமிழ் அடிச்சா துண்டு இல்ல, கூழ்தான். முதல் ஒன்னரை நாள் அசையாம வைங்க. நடுவுல கரு ஒரு பக்கம் குழிஞ்சு வளைஞ்ச தகடு மாதிரி ஆகும், பாத்து கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, அது சரியான ஸ்டேஜ்தான், அப்புறம் மறுபடி உருண்டை ஆயிடும். ரெண்டாம் நாள் மூணாம் நாள்ல மெல்லிசா முடி மாதிரி முளைச்சு நீந்த ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் லேசா காத்து விடலாம். ஒரு மில்லி தண்ணிக்கு ஒரு லார்வாவுக்கு மேல வேணாம். தினமும் செத்தத எடுத்துட்டு தண்ணி மாத்தணும். தீனி தேவை இல்ல, முட்டைல இருக்கற கொழுப்பே சோறு.

நாலஞ்சு நாள்ல உக்கார இடம் தேடும். வெறும் கண்ணாடி, புது பீங்கான் தட்டு எதுலயும் உக்காராது. டேங்க்ல ஒன்னு ரெண்டு மாசம் முன்னாடியே செராமிக் தட்டு போட்டு வச்சு அதுல பிங்க் கோரலைன் ஆல்கே (ஓடு மாதிரி கெட்டியா படியற பாசி) படிஞ்சிருக்கணும், அதோட வாசனைய புடிச்சுதான் கீழ இறங்கும். இப்பவே போட்டு வைங்க. மீதிய நாளைக்கு எழுதறேன்.


ஃப்ராக்கர்:

அண்ணன் எழுதினது ஒவ்வொரு வரியும் சரி, மறுக்கல. ஆனா புதுசா படிக்கறவங்க தப்பா எடுத்துக்க கூடாதுன்னு என் பக்கத்தையும் சொல்லிடறேன். கல்லு கோரல வீட்டுல பெருக்கணும்னா நூத்துல தொண்ணூறு பேருக்கு ஃப்ராக் போதும். எலும்பு வெட்டற கட்டர், ஜெல் சூப்பர் க்ளூ, துண்ட ஒட்டி வைக்க ஒரு ப்ளக், அயோடின் டிப், மூணு வாரத்துல வெட்டுன இடம் மூடி அடித்தட்டு பரவ ஆரம்பிச்சிடும். அக்ரோ, மான்டிபோரா, போசில்லோபோரா எல்லாம் உடைஞ்சு பரவறதுக்குன்னே பிறந்த மாதிரி, கடல்லயும் புயலடிச்சா கிளை உடைஞ்சு விழுந்த இடத்துல புது காலனி ஆகுதே. டார்ச் கோரல், ஹேமர் கோரல் எல்லாம் தலை தலையா பிரியும், நடுவுல வெறும் எலும்பா இருக்கற இடத்துல வெட்டினா வலிக்கவே வலிக்காது. ஃபங்கியா தட்டு கோரல் செத்துப்போச்சுன்னு நினைச்சு தூக்கிப் போட இருந்தவங்க எத்தனை பேர், அந்த எலும்புல இருந்தே ஆறு மாசம் கழிச்சு பத்து குட்டி முளைக்கும்.

ஒரு முட்டை ராத்திரிக்கு ஒரு வருஷம் காத்திருந்து, லட்சத்துல ஒன்னு ரெண்டு பிழைக்க வைக்கறதுக்கு பதிலா அந்த நேரத்துல நூறு ஃப்ராக் பண்ணி நூறு பேருக்கு கொடுத்தா கடல்ல இருந்து எடுக்கறது அந்த அளவுக்கு குறையும். அதுவும் பெரிய விஷயம்தான்னு நான் நம்பறேன்.


பழைய பாலிப்:

ஃப்ராக்கர் சொல்றது நியாயம்தான், நானும் இன்னிக்கும் வெட்டிட்டுதான் இருக்கேன். ஆனா நூறு ஃப்ராக்கும் ஒரே ஆள். ஒரு நோய், ஒரு சூடு அந்த வம்சத்துக்கு ஒத்துக்கலைன்னா நூறும் ஒன்னா போகும். முட்டைல இருந்து வர ஒவ்வொரு குட்டியும் புது கலவை, அதுல ஒன்னு ரெண்டு தாயை விட தாக்குப்பிடிக்கும். ரீஃபை, அதாவது பவளப்பாறைய, திரும்ப நடறவங்க இப்ப முட்டை பக்கம் போறதுக்கு காரணமே அதுதான்.

இன்னொன்னு தம்பி, முட்டை வேணும்னா அந்த தாய் காலனிய வெட்டறத இன்னியோட நிறுத்துங்க. அடிக்கடி வெட்டுன காலனி காயத்த ஆத்தறதுக்கே சக்திய செலவு பண்ணும், முட்டை கட்டாது. முட்டை உருவாக கிட்டத்தட்ட ஒன்பது மாசம் ஆகுது, அதுக்கு நடுவுல பெரிய அதிர்ச்சி கொடுத்தா கட்டுன முட்டையவும் உள்ளயே இழுத்துக்கும். ஃப்ராக் வேணும்னா அந்த சின்னத வெட்டிக்கங்க, எப்படியும் அதுவும் அதே ஆள்தானே.

ஏன் இப்ப விட்டுச்சுன்னும் சொல்லிடறேன். கடல்ல ஒரு ரீஃப் முழுக்க ஒரே சில ராத்திரில விடும்ங்கறத 1980களோட ஆரம்பத்துல கிரேட் பேரியர் ரீஃப்லதான் கண்டுபிடிச்சாங்க, 1984ல சயன்ஸ் பத்திரிகைல வந்துச்சு. அதுக்கப்புறமும் முப்பது வருஷம் மூடின டேங்க்ல அத சொன்ன நாள்ல வரவைக்க முடியல. லண்டன் ஹார்னிமன் மியூசியத்துல ஜேமி கிராக்ஸ் 2012ல ப்ராஜெக்ட் கோரல்னு ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே வரவைச்சாரு. 2017ல முழு முறையையும் வெளிப்படையா எழுதிட்டாங்க, மில்லெபோரா, டெனுயிஸ், ஹையாசிந்தஸ், மைக்ரோக்ளாடோஸ்னு நாலு அக்ரோபோரா இனமும் விட்டுச்சு. அவங்க பண்ணது மந்திரம் இல்ல. அந்த கோரல் வந்த கடலோட வருஷ சூடு ஏத்தம் இறக்கம், பகல் நீளம், நிலாவோட 29.5 நாள் கணக்கு எல்லாத்தையும் கன்ட்ரோலர்ல போட்டு டேங்க்குக்குள்ள அப்படியே ஓட்டுனாங்க. நம்மள்ல பாதி பேர் வருஷம் முழுக்க 25.5 டிகிரின்னு ஒரு கோடு மாதிரி வச்சிருக்கோம், அதுல கோரலுக்கு இது எந்த மாசம்னே தெரியாது. உங்களுக்கு சில்லர் இல்லாம 24.5ல இருந்து 28 வரைக்கும் மெதுவா ஏறி இறங்குனது, தெரியாமயே பண்ண நல்ல காரியம். ஆனா பாத்துக்கங்க, 30க்கு மேல போனா முட்டை இல்ல, கோரல் நிறம் போய் வெளுக்கறதுதான்.

அப்புறம் இருட்டு. நீங்க ரூம் லைட்ட பத்தி எழுதினத நான் ரெண்டு தடவ படிச்சேன். பௌர்ணமி அன்னிக்கு சூரியன் மறையும்போதே நிலா ஏறிடும், அதுக்கடுத்த நாள்ல இருந்து நிலா லேட்டா வரும், நடுவுல கொஞ்ச நேரம் முழு இருட்டு கிடைக்கும். அந்த இருட்டுதான் இன்னும் சில நாள்ல விடுன்னு சொல்ற சிக்னல்னு 2021ல தைவான்ல ஒரு ஃபேவியா வகை கோரல வச்சு காட்டுனாங்க. அது வேற இனம், உங்க மில்லெபோராவுக்கும் அதேதான்னு நான் அடிச்சு சொல்லல. ஆனா பன்னெண்டு மணி வரைக்கும் ரூம் லைட் எரியற டேங்க், நீங்க சீக்கிரம் படுத்த வாரத்துல விட்டுச்சுன்னா யோசிக்க வேண்டிய விஷயம். அன்னிக்கு பௌர்ணமி முடிஞ்சு எத்தனாவது நாள்?


நீலத்தொட்டி:

அண்ணா, காலண்டர் பாத்தேன், அஞ்சாவது நாள். உடம்பு சிலிர்த்துடுச்சு.


கடல்விதை:

நல்ல த்ரெட், படிச்சுட்டே இருக்கேன். தம்பிக்கு ஒரு யோசனை. அடுத்த அக்ரோ ராத்திரிக்கு ஒரு வருஷம் இருக்கு, அதுக்குள்ள கை பழகணும்னா போசில்லோபோராவுல ஆரம்பிங்க. அதுல சில வகை முட்டைய வெளிய விடறதே இல்ல, உள்ளயே வச்சு வளர்த்து நீந்த ரெடியான பிளானுலா லார்வாவா மாசா மாசம் நிலா கணக்குல விடும். ஸ்டைலோபோரா, பேர்ட்ஸ்நெஸ்ட்னு சொல்ற செரியாட்டோபோரா, வெளிச்சம் தேவைப்படாத சன் கோரல் எல்லாம் இந்த கூட்டம்தான். பழைய டேங்க்ல ஓவர்ஃப்ளோ பாக்ஸ் உள்ள, பம்ப் மேலெல்லாம் நீங்க வைக்காத போசில்லோபோரா பொட்டு பொட்டா முளைச்சிருக்கும், பாத்திருப்பீங்க.

நான் பண்ணது இதுதான். தாய் காலனிய சாயங்காலம் ஒரு சின்ன வாளில வச்சு, டேங்க் தண்ணி மெலிசா வந்து வாளி விளிம்புல வழியற மாதிரி விட்டேன். வழியற இடத்துல ஒரு கப், கப்போட பக்கம் வெட்டி 100 மைக்ரான் வலை ஒட்டியிருக்கும், கப்பே பாதி தண்ணில நிக்கணும், இல்லைன்னா லார்வா வலைல ஒட்டி காஞ்சிடும். காலைல கப்புல பழுப்பு கலர்ல ஒரு மில்லிமீட்டர் சைஸ் புழு மாதிரி நீந்திட்டு இருக்கும். முதல் மாசம் மூணு ராத்திரி வச்சும் ஒன்னும் வரல, நிலாவோட எந்த நாள்னு தெரியாம வச்சேன். அப்புறம் ஒரு மாசம் முழுக்க தினமும் வச்சு எண்ணி குறிச்சேன், என் காலனிக்கு எந்த நாள்ல இருந்து எந்த நாள்னு தெரிஞ்சதும் மத்த நாள் தூங்கிட்டேன். ஒவ்வொருத்தர் காலனிக்கும் நாள் மாறும், நீங்களும் ஒரு மாசம் எண்ணித்தான் ஆகணும்.

இந்த லார்வாவுக்கு பெரிய சௌகரியம், கோரலுக்குள்ள இருந்து அதுக்கு சோறு போடற ஆல்கேவ தாயே கொடுத்து அனுப்பிடும், அதான் அந்த பழுப்பு. அக்ரோ குட்டிக்கு அது கிடையாது, உக்காந்தப்புறம் வெளிய இருந்து தேடி எடுத்துக்கணும். அதனால அக்ரோ தட்ட தனி டேங்க்ல தனியா வச்சு காத்திருக்காதீங்க, பெரிய ஆரோக்கியமான கோரல் பக்கத்துல வைங்க, அது வெளிய விடற ஆல்கேவ குட்டி புடிச்சுக்கும், வெள்ளையா கண்ணாடி மாதிரி இருந்தது ஒரு நாள் பழுப்பு புள்ளியா தெரியும்.

ஒன்னு மட்டும் நேர்மையா சொல்லிடறேன், போசில்லோபோரா லார்வாவுல நிறைய தாயோட நகல்தான், ஜீன் பாத்தவங்க சொன்னது. அதனால புது வம்சம் கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, கை பழக்கத்துக்குன்னு பண்ணுங்க.

எனக்கு முதல் தடவ தட்டுல 60 உக்காந்துச்சு. மூணு மாசத்துல மிச்சம் 7. போனதுல முக்கால்வாசி பாசி மூடி போச்சு, மீதிய நத்தை சுரண்டிடுச்சு. ஒரு மில்லிமீட்டர் பாலிப் மேல ஒரு இழை பாசி படுத்தாலே போதும். ரெண்டாவது தடவ பொட்டு சைஸ் டக்ஸீடோ அர்ச்சின் (முள்ளு உருண்டையா இருக்கற கடல் பிராணி) குட்டிய தட்டோட விட்டேன், அது பாசிய மேஞ்சுட்டு குட்டிய பெருசா தொந்தரவு பண்ணல. ஹார்னிமன் ஆளுங்களும் 2019ல மில்லெபோரா குட்டியோட அதே அர்ச்சினை சேர்த்து வளர்த்து பிழைக்கறது கூடுதுன்னு எழுதியிருக்காங்க. ஆனா அர்ச்சின் பெருசானதும் எடுத்துடுங்க, முள்ளும் பல்லும் பெருசானா குட்டியையும் சேர்த்து வழிச்சிடும். முட்டை விடற ராத்திரி பரபரப்பா இருக்கும், எல்லாரும் அத பத்தியே பேசறோம், ஆனா கோரல் சாகறது அதுக்கப்புறம் வர ஆறு மாசத்துல, யாரும் ஃபோட்டோ எடுக்காத நாள்ல. அதுக்கு தயாராகுங்க.


அலைவாசி:

அக்கா சொன்னதோட ஒன்னு. தட்ட படுக்க வைக்காம சாய்ச்சு இல்ல நிமிர்த்தி வைங்க, அழுக்கு தங்காது. முதல் சில வாரம் வெளிச்சம் கம்மியா. ஆல்கலினிட்டிய மேல கீழ ஆட்டாதீங்க, 8ன்னா 8லயே நிறுத்துங்க, பெரிய காலனி தாங்கற ஆட்டத்த குட்டி தாங்காது.


நீலத்தொட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏர் ஸ்டோன் போட்டு கொன்னுட்டேனேன்னு ரெண்டு நாள் தூக்கம் இல்ல. தட்டு பன்னெண்டு இன்னிக்கே டேங்க்ல போட்டுட்டேன். வேற வம்சத்துல மில்லெபோரா காலனி வச்சிருக்கற ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கேன், என்கிட்ட இருக்கற சின்னத கொடுத்து மாத்திக்கறதா ஏற்பாடு, அவருக்கும் ரெண்டாவது வம்சம் கிடைச்ச மாதிரி ஆகும்.


நீலத்தொட்டி:

பதினோரு மாசம் கழிச்சு அதே த்ரெட்டுக்கு வரேன். புது காலனி 16 செமீ, தனி டேங்க்ல ரெண்டரை மாசம் வச்சுட்டு சேர்த்தேன், புழு எதுவும் இல்ல. அக்கா சொன்ன வாளி முறைல போசில்லோபோரா 40 உக்காந்துச்சு, இப்ப 11 இருக்கு, பெருசு ரெண்டு செமீ.

பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள். ஒரு இடத்துல படிச்ச மாதிரி நுனிய விட்டுட்டு நாலு செமீ கீழ ஒரே ஒரு கிளைய உடைச்சு பாத்தேன், ரெண்டு காலனிலயும். பழசுல பிங்க் முட்டை வரிசையா தெரியுது. புதுசுல முட்டை இருக்கு, ஆனா எல்லாம் வெள்ளை. இதுக்கு என்ன அர்த்தம் அண்ணா?


பழைய பாலிப்:

நுனிய விட்டு கீழ பாத்தது சரி தம்பி, நுனில முட்டை இருக்காது. பிங்க்னா இந்த பௌர்ணமி முடிஞ்சு விடும். வெள்ளைன்னா இன்னும் ஒன்னு ரெண்டு மாசம், சில சமயம் மூணு. அதாவது இந்த தடவ ரெண்டும் சேராது.

கஷ்டமாதான் இருக்கும், ஆனா பாருங்க, இடம் மாறி வந்த காலனி உங்க தண்ணில பத்து மாசத்துல முட்டை கட்டியிருக்கு, அது சாதாரணம் இல்ல. ரெண்டையும் அதே டேங்க்ல அதே சூட்டுல இன்னொரு வருஷம் விடுங்க, ஒரே பருவத்த பாத்து பாத்து நாள் நெருங்கி வரும். புதுச இனிமே உடைச்சு பாக்காதீங்க. அடுத்த வாரம் பழசு விடும்போது சும்மா பாத்துட்டு இருக்காம முழு வேலையையும் பண்ணுங்க, டப்பா, பைப்பெட், கழுவறது, ரெண்டு மணி நேரத்துல லென்ஸ், எல்லாம். கரு ஆகாதுன்னு தெரிஞ்சே பண்ணுங்க, கை பழகிடும். புதுசு விடற ராத்திரியையும் பௌர்ணமில இருந்து எத்தனாவது நாள், எத்தனை மணின்னு குறிச்சு வைங்க, அடுத்த வருஷம் அந்த ரெண்டு குறிப்பும்தான் வேணும்.


நீலத்தொட்டி:

சரிங்கண்ணா. பௌர்ணமி முடிஞ்ச மறுநாள்ல இருந்து ஏழு மணிக்கு ரூம் இருட்டு, வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தட்டு பன்னெண்டும் பிங்க் ஆயிடுச்சு, அத எடுக்காம அப்படியே விட்டு வைக்கறேன்.